பின்னச்சின் பாரம்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள கடல் கிடக்கின்றது. அதைக் கடப்பதற்கு மனிதரும் வாகனங்களும் ஏறுகின்ற தட்டையான மிதவைக்குத் தீவகத்து மக்கள் இட்ட பெயர் ‘பாதை’ என்பதாகும். மட்டக்களப்பு வாவியிலும் இப்பெயர் வழங்குகின்றது. நீரின்மேல் மிதக்கும் ஒன்றைப் பாதை என்று அழைப்பது அயலூரார்க்கு வியப்பளிக்கலாம். தரையில் ஓடும் தெருவையும் நீரில் ஓடும் மிதவையையும் ஒரே பயணத்தின் இரு துண்டுகளாகக் கருதிப் பழகியவர்க்கு அதில் வியப்பு ஏதுமில்லை.

இந்தப் பாதையில் ஏறுவதற்காக ஒரு ஜீப் வண்டி துறையில் வந்து நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். பின்னே நான்கு சீமெந்து மூடைகள். அவற்றின்மேல் இரண்டு அரிசி மூடைகள். கூரையின்மேல் கயிற்றால் இறுக்கிய தகரங்கள். உள்ளே நெருக்கி அமர்ந்த ஐந்து பேர். மூடை ஒன்றுக்கு 50 கிலோ வீதம் கணக்கிட்டு, ஆட்களின் எடையையும் சேர்த்தால், 600 கிலோவுக்குக் குறையாது. வண்டியின் மூக்கு நிமிர்ந்து வானத்தைப் பார்க்கின்றது. பின்பக்கம் தாழ்ந்து, சக்கரத்தின் மேலுள்ள வளைவு ரயரைத் தொடுவேன் என்கின்றது. காண்பவர் இதனைப் பேராசை என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் தீவிலே வீடு கட்டுகின்றவர் இன்று இரண்டு மூடை, நாளை இரண்டு மூடை என்று பிரித்துக் கொண்டுவர இயலாது. பட்டினத்துக்கு ஒருமுறை போய் வருவதற்கே ஒரு நாள் கழிகின்றது. மிதவைக்கும் படகுக்கும் நேரம் பார்க்க வேண்டும். காற்றையும் பார்க்க வேண்டும். ஆகவே ஏற்றத்தக்கது அனைத்தும் ஒரே நடையில் ஏற்றப்படுகின்றது. அந்த வண்டியின் பின்புறத்து வில்லை வலுப்படுத்தி, கூடிய பாரத்தைத் தாங்கச் செய்யும் வேலை இக்காலத்துப் பட்டறைகளுக்கு உரியது. அவ்வேலையைப் பிறப்பித்த தேவை மிகவும் பழையது.

அத்தேவைக்குக் கல்லிலே சான்று உண்டு. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அவன் 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்தவன். பேராசிரியர் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963-இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டுள்ளது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அடுத்து வரும் விதிதான் ஈண்டு நோக்கத்தக்கது. மன்னனுக்காக யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் சேதமுற்றால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. ஏனைய மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு வணிகப் பண்டம் ஏற்றிய கலம் சேதமுற்றால், செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

இந்த வேறுபாடு ஏன் என்று சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். மன்னனுக்கு யானையிலும் குதிரையிலும் விருப்பம் இருந்தது என்பதைக் கல்வெட்டே சொல்கின்றது. அதனோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். துணிப்பொதியும் மிளகு மூடையும் வைத்த இடத்தில் கிடக்கும். யானை அப்படிக் கிடப்பதில்லை. வளர்ந்த யானையொன்றின் எடை மூன்று தொன்னிலிருந்து ஐந்து தொன் வரை இருக்கும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் மரக்கலமும் அப்பக்கம் சாயும். தானாக அசையும் பாரமே பாரங்களுள் கொடியது. அதை ஏற்றத் துணிகின்றவனுக்கு நட்டத்தைக் குறைத்துக் காட்டினாலன்றி அவன் ஏற்றமாட்டான். பாரம் கடலில் வீழ்ந்தால் அதன் சுமை யார் தோளில் எவ்வளவு விழவேண்டும் என்பதைப் பங்கிட்டுக் கொடுத்த சட்டம் இது. யானை மலிந்த இலங்கைக்கு யானையைக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பது ஒரு வேடிக்கைதான். அரசர்களின் விருப்பத்துக்கு அருகிலுள்ள காடு போதுவதில்லை போலும்.

பிற்காலத்தில் யானைகள் எதிர்த்திசையில் சென்றன. போர்த்துக்கீசர் காலத்திலும், 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும், வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. வங்காளத்திலிருந்தும் கொல்கொண்டாவிலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவற்றை வாங்கினர். ஏற்றுமதித் துறை ஊர்காவற்றுறை. கப்பல் துறைக்குப் போர்த்துக்கீச மொழியில் வழங்கும் ‘காயிஸ்’ என்ற சொல்லே ஆங்கிலேயர் வாயில் ‘கயிற்ஸ்’ ஆயிற்று. யானைகளின் துறை என்பதே அதன் முழுப்பெயர். எதிரே கடல் நடுவில் நிற்கும் கடற்கோட்டை அந்த வாயிலைக் காத்து நின்றது.

நெடுந்தீவின் கதை வேறு. அங்கே போர்த்துக்கீசர் தொடங்கிய குதிரை வளர்ப்பை ஒல்லாந்தர் விரிவாக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அது தொடர்ந்தது. லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. உரிமையாளர் இல்லாத மட்டக்குதிரைகள் வெளிகளில் மேய்கின்றன. அத்தீவில் வேலிக்குப் பதிலாக முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள் எங்கும் ஓடுகின்றன. ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர் நிலத்தில் அடுக்கப்பட்ட அத்தனை கல்லையும் யாரோ ஒருவர் கையாலோ தலையாலோ வண்டியாலோ சுமந்திருக்கின்றார். அவர்களைப் பற்றி எந்தக் கல்வெட்டும் பேசுவதில்லை.

தரைப் பாரத்தின் வரலாறு மாட்டு வண்டிலில் தொடங்குகின்றது. பனஞ்சலாகையும் கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிய பாரவண்டிலுக்கு வில் கிடையாது. வண்டிலின் தட்டு நேரே அச்சின்மேல் அமர்ந்திருந்தது. அதன் சாரதி கற்றிருந்த பெருங்கலை ஒன்று உண்டு. பாரத்தை எங்கே வைப்பது என்பதே அது. முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழுந்து, கழுத்துக் கயிறு மாட்டின் மூச்சை இறுக்கும். அச்சுக்கு நேர் மேலே பாரம் நின்று, நுகத்தில் கையளவு அழுத்தம் மட்டும் இருக்கும்படி மூடைகளை அடுக்குவான் தேர்ந்த வண்டிற்காரன். ஏற்றி முடிந்தபின் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூடையை ஒரு சாண் முன்னே தள்ளுவான். நெம்புகோல் விதியை அவன் பள்ளியிற் கற்கவில்லை. அவனுடைய மாடு அதை அவனுக்குக் கற்பித்தது.

மயிற்பீலி ஏற்றிய வண்டியாயினும் அளவை மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் காட்டியது எல்லோரும் அறிந்ததே. அவர் முறிவதாகச் சொன்னது சக்கரத்தை அன்று, மாட்டின் முதுகையும் அன்று. வண்டி செய்யும் தச்சரோடு பழகிய ஒருவருக்கே அச்சின்மேல் முதலிற் கண் செல்லும். இந்த அச்சைப் பற்றிய பேச்சு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

வில் என்பது முதலில் மனிதரின் உடம்புக்காக வந்தது. 1804-இல் இலண்டனில் ஒபடையா எலியட் என்னும் வண்டி செய்வோர், உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லுக்கு உரிமை பெற்றார். அதனால் வண்டியின் உடலைச் சக்கரங்களின்மேல் இலேசாகத் தொங்கவிட முடிந்தது. நமது நாட்டு வில்வண்டிகள் அந்த மரபில் வந்தவை. வசதி படைத்தோரும், வைத்தியரும், மணமக்களும் வில்வண்டியில் சென்றார்கள். நெல்லும் கல்லும் வில் இல்லாத வண்டிலிற் சென்றன. மனிதனுக்கு மென்மை, பண்டத்துக்கு வன்மை என்று இரண்டு வண்டிகள் இருந்தபோது சிக்கல் எதுவும் எழவில்லை. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றத் தொடங்கிய நாளிலே சிக்கல் பிறந்தது.

அந்த ஒரே வண்டி மோட்டார் வண்டியாகும். தீவுகளைத் தரையோடு இணைத்த தாம்போதிகள் அதற்கு வழி திறந்தன. பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாணப் பட்டினத்தை மண்டைதீவு, வேலணைப் பக்கத்தோடு இணைத்தது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குச் செல்லும் நீண்ட தாம்போதியில் உள்ளதே வாணர் பாலம் என்று மக்கள் வழங்குவது. புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவானோடு தெரு முடிந்துவிடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்து படகுதான். அவ்விரு தீவுகளில் ஓடும் வாகனம் ஒவ்வொன்றும் ஒருநாள் கடலைக் கடந்து வந்ததே. 1958 சனவரி முதலாந் திகதி நாட்டின் பஸ் சேவைகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. பின்வந்த காலத்தில் தீவகத்துக் கிராமத்தவர் மூடைகளோடும் கடகங்களோடும் பயணம் செய்த வண்டிகளுள் அதன் பஸ்களும் இருந்தன.

தனியார் கைகளில் இருந்தவை பெரும்பாலும் பிரித்தானியக் கார்கள். ஓஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போட் முதலியவை யாழ்ப்பாணத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இவற்றின் அமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரங்களுக்குச் சுருள்வில்லோ முறுக்குக் கம்பியோ இருந்தது. பின்சக்கரங்களுக்குத் தகட்டுவில் இருந்தது. முன்பக்கத்தில் எந்திரம் இருக்கின்றது. அதன் எடை மாறாதது. பின்பக்கத்தின் எடை நாள்தோறும் மாறுவது. சிலவேளை அங்கே ஒருவரும் இல்லை. சிலவேளை ஒரு குடும்பமும் அதன் தட்டுமுட்டும். மாறுகின்ற பாரத்தைத் தாங்குவதற்குத் தகட்டுவில் ஏற்றது. 1948 ஏப்ரில் 30-ஆந் திகதி ஆம்ஸ்ரர்டாம் நகர மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லாண்ட் ரோவர் வண்டிக்கு நான்கு சக்கரங்களுக்கும் தகட்டுவில்லே அமைந்திருந்தது. ஒல்லாந்தர் அதே ஆம்ஸ்ரர்டாம் என்ற பெயரைக் காரைநகருக்கும், லெய்டன் என்ற பெயரை வேலணைக்கும் இட்டிருந்தனர். நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்ஃப்ற் என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்திருக்கின்றது.

தகட்டுவில்லின் நற்பேறு யாதெனின், அதை ஊர்க் கொல்லனும் புரிந்துகொள்ள முடியும். நீளமான தலைத்தகடு ஒன்று; அதன் இரு முனைகளிலும் வண்டியின் சட்டத்தோடு பிணைப்பதற்கான கண்கள். அதன்கீழே படிப்படியாகக் குறுகும் தகடுகள். நடுவிலே எல்லாவற்றையும் ஊடுருவும் ஓர் ஆணி. கட்டு முழுவதையும் அச்சோடு இறுக்கும் வளைந்த பூட்டாணிகள். வண்டி தாழ்ந்தால், இன்னொரு தகட்டைச் செருகினால் உயரும். ஒரே தடிப்புள்ள ஐந்து தகடுகளோடு ஆறாவதைச் சேர்த்தால் வில்லின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுகின்றது. தகட்டின் தடிப்பைக் கூட்டினாலோ கணக்கு வேறு. தடிப்பு காற்பங்கு மிகுந்தால், அத்தகட்டின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகும். இழுவைக்கும் பாரத்துக்கும் உள்ள நேர்விகிதத்தை றொபேட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். பட்டறையில் நின்றவர்களும் அதைத் தங்கள் வழியில் அறிந்திருந்தனர். பாரம் ஏறும்போது மட்டும் வந்து தொடும்படி அடியில் ஒரு தட்டையான தகட்டை வைப்பதும் உண்டு. வெறும் வண்டி மெத்தென ஓடும். பாரம் ஏறியபின் அந்த அடித்தகடு தோள் கொடுக்கும்.

தீவகத்தில் தகட்டுவில்லுக்கு ஒரு பகை உண்டு. அது உப்பு. சோளகம் வீசும் மாதங்களில் தாம்போதியின் ஒரு பக்கத்துக் கடல் மறுபக்கத்துக்குத் திவலையாகப் பறக்கின்றது. அத்திவலை தகடுகளின் இடுக்குகளிற் புகுந்து தங்குகின்றது. அங்கே துரு குழி பறிக்கின்றது. பாரத்தால் மேலும் கீழும் வளையும் உருக்கு அந்தக் குழியிலிருந்தே வெடிக்கத் தொடங்கும். அல்லது நடு ஆணியின் துளையிலிருந்து வெடிக்கும். கொல்லனின் உலையிற் காய்ச்சி வளைத்த தகடுகளுக்கும் இதே கதிதான். வில்லுருக்கைக் காய்ச்சியபின் எண்ணெயில் தோய்த்துக் கடினப்படுத்தி, மீண்டும் அளவான சூட்டிற் பதப்படுத்த வேண்டும். அதை விடுத்துச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திய தகடு சில மாதங்களில் மீண்டும் படுத்துவிடும்.

அந்நியச் செலாவணி முடையால் 1960-களில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வந்த வண்டிகளே நெடுங்காலம் ஓடவேண்டியதாயிற்று. 1990-இன் பின்னர் யுத்தமும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டைச் சூழ்ந்தபோது, பெற்றோல் கிடைக்காமல், அந்த ஓஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உதிரிப்பாகம் வராத நாட்டில் ஓடாத வண்டியே களஞ்சியமாயிற்று. அக்காலத்தின் தொடக்கத்திலேதான் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரு வீட்டின் அளவுள்ள பாரத்தில் எதை ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது என்று சில மணி நேரத்தில் முடிவு செய்ய நேர்ந்தவர்களுக்கு, வண்டியின் கொள்ளளவு என்பது நூலிற் படிக்கும் எண் அன்று. புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையில்லாத வீடுகள் பல இன்றும் நிற்கின்றன. 2009-இல் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தோர் அவற்றை மீண்டும் எழுப்பத் தொடங்கினர். சீமெந்தும் கம்பியும் ஓடும் தகரமும் தாம்போதிகளின்மேல் ஊர்ந்து வந்தன. பாதைத் துறையில் நிற்பதாக முன்னே சொல்லப்பட்ட ஜீப் அந்த ஊர்வலத்தில் ஒன்று.

இதற்கிடையில் வண்டிகளின் பின்புறம் மாறிவிட்டது. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில்லைக் கொணர்ந்தது. மிற்சுபிசி பஜெரோ வண்டிக்கு 1982-இல் பின்னே தகட்டுவில் இருந்தது; பிற்காலத்தில் அது சுருள்வில்லாயிற்று. ரொயோற்றா லாண்ட் குரூசரின் பெரிய வகையும் 1990-இல் அவ்வழியே சென்றது. இவை குடும்பத்தினர் சொகுசாகச் செல்வதற்கு ஏற்றவை. பழைய வில்வண்டியின் மென்மையைப் பாரவண்டிலின் உடம்பில் வைத்தார்கள் எனலாம். ஆட்கள் உட்பட 500 முதல் 700 கிலோ வரையே இத்தகைய வண்டிகள் பலவற்றின் சுமையளவு. சுருள்வில்லுக்குக் கொல்லன் ஒரு தகட்டைச் செருக முடியாது. கம்பி தடித்த வேறு சுருளைப் பூட்ட வேண்டும். கம்பியின் தடிப்பு பத்தில் ஒரு பங்கு கூடினாலே விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அல்லது சுருளுக்குள்ளே இறப்பராலான காற்றுப்பை ஒன்றை வைத்து, பாரம் ஏறும் நாளிற் காற்றடித்து, இறங்கிய நாளிற் காற்றைக் குறைக்கலாம். தீவகத்துக்கு இவ்விரண்டாம் முறை பொருத்தமானது என்று கருத இடமுண்டு. பட்டினத்துக்குப் போகும்போது வெறும் வண்டி, திரும்பும்போது நிறைந்த வண்டி என்பதே அங்குள்ள வழக்கம். தடித்த வில்லைப் பூட்டிய வண்டி வெறுமையாக ஓடும்போது பின்சக்கரங்கள் குதிக்கும். ஈரமான தாம்போதியில் அக்குதிப்பு நல்லதன்று. வில்லை மாற்றினால் அதிர்வடக்கியையும் அதற்கு இசைய மாற்றவேண்டும். பழைய அதிர்வடக்கி புதிய வில்லின் துள்ளலை அடக்கும் வலிமை உடையதன்று.

இவையெல்லாம் செய்தபின் வண்டி நிமிர்ந்து நிற்கும். பாரம் போய்விட்டது போலத் தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் இருக்கின்றது. வில் பாரத்தைக் குறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அதை அனுப்பிவைத்தது. அச்சும், அச்சின் முனையிலுள்ள உருளைகளும், ரயரும், தடுப்பும் நேற்று இருந்தவையே. வண்டிக்கென விதிக்கப்பட்ட மொத்த எடை புதிய வில்லால் ஒரு கிலோகூட உயர்வதில்லை. முன்பு பின்புறம் தாழ்ந்து சாரதியை எச்சரித்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. சில வண்டிகளில் பின் அச்சோடு பிணைத்த ஒரு கம்பி, வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்பதை அளந்து, அதற்கேற்பப் பின்சக்கரத் தடுப்புக்கு விசையை விடுகின்றது. வில்லை உயர்த்தி அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், நிறைந்த வண்டியை வெறும் வண்டி என்று அது எண்ணிக்கொள்ளும். தடுப்பை மிதிக்கும்போது பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாது. இரு பக்கமும் கடல் உள்ள தாம்போதியில், எதிரே பஸ் வரும்போது, இது சிறு பிழையன்று.

முன்பாரம், பின்பாரம் என்ற பழைய வண்டிற்காரனின் கணக்கும் மாறவில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீற்றர் நீளமுள்ள ஒரு வண்டியில், பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னே 100 கிலோவை வைத்தால், பின் அச்சின்மேல் விழுவது 138 கிலோ. முன்சக்கரங்களின்மேல் இருந்த பாரத்தில் 38 கிலோ குறைகின்றது. முன்சக்கரம் இலேசானால் திருப்பும் சில்லுக்கு வண்டி தளர்ந்தே பணியும். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். சீமெந்து மூடைகளை முன்னிருக்கையின் முதுகோடு ஒட்டி அடியில் வைத்து, தகரத்தையும் துணிமூட்டையையும் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளினால், ஒரு சதமும் செலவில்லாமல் பாதி வேலை முடிந்தது. மாடு கற்பித்த பாடத்தை எந்திரம் கற்பிக்கவில்லை. எந்திரத்துக்குக் கழுத்து இறுகுவதில்லையல்லவா?

தண்ணீரின் பாரம் தனியே சொல்லத்தக்கது. தீவகத்தின் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். நல்ல நீருள்ள இடத்திலிருந்து நீரை ஏற்றிக் கொண்டுபோவது பல ஊர்களில் அன்றாட வேலை. ஆயிரம் லீற்றர் நீர் என்றால் ஒரு தொன். தாங்கியின் எடையைச் சேர்க்காமலே ஒரு தொன். கறுத்த பிளாஸ்ரிக் தாங்கி பார்வைக்கு இலேசானது; அதுவே ஆளை ஏமாற்றுகின்றது. அதை ஜீப்பின் பின்னே வைத்து நிரப்பினால் வண்டியின் அளவு கடந்துவிடும். அரைவாசி நிரப்பினால் எடை குறையும். ஆனால் நீர் அலைமோதும். திருப்பத்தில் அது ஒரு பக்கம் ஓடி, வண்டி நிமிரும் வேளையில் மறுபக்கம் திரும்பி வரும். பராக்கிரமபாகுவின் மரக்கலத்தில் நின்ற யானையும் இத்தகைய பாரமே. நீருக்கு உழவு இயந்திரமும், நடுவே தடுப்புச் சுவர் வைத்த தாங்கி வண்டியும் தகுந்தவை. குடும்ப ஜீப்புக்கு எத்தனை வில் பூட்டினாலும் அது தாங்கி வண்டி ஆகாது. சிறு கலன்களில் விளிம்பு மட்டும் நிரப்பி, மூடி இறுக்கி, அச்சின் அருகே அடுக்குவதே அதன் அளவு.

ஆனி மாதத்தில் நயினாதீவு அம்மன் கோயிலின் திருவிழாவுக்குக் கொடியேறியதும் குறிகட்டுவான் தெரு நிறைந்துவிடும். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானத்துக்கு வேண்டிய அரிசியும் மரக்கறியும் கூட அவ்வழியே போகவேண்டும். பல்லாயிரம் பேர் உண்ணும் உணவு அது. லொறியும் ஜீப்பும் உழவு இயந்திரமும் துறைவரை வந்து நிற்கின்றன. தகட்டுவில், சுருள்வில், காற்றுப்பை எல்லாவற்றின் ஆட்சியும் இறங்குதுறையின் விளிம்போடு முடிவடைகின்றது. அங்கே மூடை மனிதனின் தோளுக்கு மாறுகின்றது. படகு அலையில் ஏறி இறங்குகின்றது. சுமப்பவன் ஒரு கணம் நின்று, படகு மேலே எழும் வேளை பார்த்து, முழங்காலைச் சற்றே மடித்து அடியெடுத்து வைக்கின்றான். மூடை படகின் நடுவிலே, அடித்தட்டில் இறங்குகின்றது. அடுத்த மூடைக்காக அவன் திரும்பிக் கரைக்கு ஏறுகின்றான்.